பாகூரா, கடலூரா? பிள்ளைக்கு எந்தப் பக்கம் கிட்டம்?

ரெட்டிச்சாவடி பஸ் ஸ்டாப்பில் போன மாதம் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். இடுப்பில் இரண்டரை வயது மகள். குழந்தை இடுப்பில் நிற்கவில்லை; வில்லாகப் பின்னுக்கு வளைந்துகொண்டே இருந்தது. கால் இரண்டும் கத்தரிக்கோல் போலப் பின்னியிருந்தன. என் மகன் காலில் இருந்த பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சுக் கொடுத்தாள்.

"அக்கா, நாங்க பாகூர். ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் அங்கதான். எங்க வீட்டுக்காரருக்கு கடலூர் சிப்காட்டுல வேலை. மஞ்சக்குப்பம் பக்கமா வாடகைக்குப் போயிடலாமான்னு யோசிக்கிறோம். பிள்ளைக்கு எந்தப் பக்கம் நல்லதுக்கா?"

வாயைத் திறப்பதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது. போன் நம்பர்கூட வாங்கவில்லை. அவள் கேட்டது ஒரு வரிக் கேள்வி. பதில் ஒரு வரியில் அடங்காது. மூளை முடக்குவாதம் (மூளைப் பாதிப்பால் கை கால் அசைவு கட்டுக்குள் வராத நிலை, செரிபிரல் பால்சி) உள்ள மகனை வைத்துக்கொண்டு பதினொரு வருடமாக இந்த ரோட்டில் வடக்கும் தெற்குமாக அலைந்தவள் என்ற முறையில், அவளைப் போன்ற அம்மாக்களுக்காக எழுதுகிறேன்.

இந்தப் பக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கடலூரிலிருந்து புதுச்சேரி சுமார் 22 கிலோமீட்டர். ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, தாண்டினால் கன்னியக்கோயில், அது புதுச்சேரி. எல்லையைக் கண்டுபிடிக்கப் பலகையைத் தேட வேண்டாம், மதுக்கடைகள் வரிசையாக வர ஆரம்பித்தால் புதுச்சேரி வந்துவிட்டது என்று அர்த்தம். குடிக்கப் போகிறவனுக்கு இந்த எல்லை ஒரு பொருட்டே இல்லை. பிள்ளைக்கு உதவித்தொகை கேட்டுப் போகிற அம்மாவுக்குத்தான் அது மதில் மாதிரி நிற்கும். பாகூர் கொம்யூன் (பஞ்சாயத்துப் பகுதியைப் புதுச்சேரியில் அப்படிச் சொல்வார்கள்) இன்னும் வேடிக்கை: பேருக்குப் புதுச்சேரி, ஆனால் தூரத்தில் கடலூர்தான் கிட்டம்.

முதலில் ஒரு பயத்தை எடுத்துப் போட்டுவிடுகிறேன். "கடலூருக்குப் போயிட்டா ஜிப்மர் கைவிட்டுப் போயிடுமே" என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் மத்திய அரசின் பெரிய ஆஸ்பத்திரி. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று எல்லாப் பக்கமிருந்தும் தமிழ்நாட்டு ஜனங்கள் அங்கே போகிறார்கள். புதுச்சேரி ரேஷன் கார்டு இருந்தால்தான் பார்ப்பார்கள் என்பது இல்லை. ஆகவே வீடு மாற்றும் கணக்கில் ஜிப்மரைச் சேர்க்கவே வேண்டாம். அது இரண்டு பக்கத்துக்கும் பொது.

ஆனால் பெரிய ஆஸ்பத்திரி எதற்கு, எதற்கு இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். நோய் என்னவென்று கண்டுபிடிக்க, ஸ்கேன் எடுக்க, வலிப்பு மருந்தின் அளவைக் கூட்டிக் குறைக்க, இறுகிய தசைக்கு ஊசி போடலாமா, ஆபரேஷன் வேண்டுமா என்று முடிவெடுக்க, அங்கேதான் போக வேண்டும். இடுப்பு மூட்டு எக்ஸ்ரேயைத் தனியாகச் சொல்ல வேண்டும். நடக்காத பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல விலகும். வலி வரும்வரை வெளியே தெரியாது. டாக்டர் மறந்தாலும் நீங்கள் கேட்டு எடுங்கள். இதெல்லாம் மூன்று மாதம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நடக்கிற காரியம். விடிகாலையில் கிளம்பி, புதுச்சேரி பஸ் நிலையத்தில் இறங்கி, கோரிமேட்டுக்கு இன்னொரு பஸ் பிடித்து, ஓபி சீட்டு வாங்கி, கட்டிக்கொண்டு போன சாம்பார் சாதத்தை வராந்தாவில் ஊட்டி, பொழுது சாய வீடு திரும்ப வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு நாள் தாங்கும். வாரத்துக்கு மூன்று நாள் தாங்காது.

பிள்ளையின் உடம்பை மாற்றுவதோ அந்த வாரத்துக்கு மூன்று நாள்தான். என் கேள்வியெல்லாம் இதுதான்: எந்தப் பக்கம் இருந்தால் வாரத்தில் அதிக நாள் ஒரு பயிற்சி பெற்ற கை பிள்ளை மேல் படும்? எந்த மையம் பெரியது, எது பேர் பெற்றது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

கடலூர் பக்கம் என்ன இருக்கிறது? மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் என்று ஒன்று. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் வருவது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்ப்பார்கள். கண், காது, பல், பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது அதன் திட்டம். அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு தடவை வேனில் வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போகிறார்களே, அந்தக் குழு சந்தேகப்படும் பிள்ளைகளை இங்கேதான் அனுப்பும். அவர்கள் அனுப்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நேரேயே போகலாம்.

அடுத்தது 'விழுதுகள்'. உலக வங்கிக் கடனுதவியுடன் தமிழ்நாடு அரசு நடத்தும் 'உரிமைகள்' திட்டத்தின் சேவை மையங்கள் இவை. முதல் கட்டமாக எடுத்த மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. தெரபியை மாவட்டத் தலைநகரிலேயே வைத்திருக்காமல் ஊர்ப் பக்கம் கொண்டுவருவதுதான் இதன் நோக்கம். மையத்துக்கு வர முடியாதவர்களுக்காக வண்டியும் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு எது கிட்டம், வாரத்தில் எந்த நாளில் யார் இருப்பார்கள் என்பதை நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். பலகையில் ஆறு சேவை எழுதியிருக்கும். உங்கள் பிள்ளைக்கு வேண்டியவர் எத்தனை நாள் வருகிறார் என்பதுதான் விஷயம். இந்தக் கேள்வியை எந்த ஊர், எந்த மையம் என்றாலும் முதலில் கேளுங்கள்.

புதுச்சேரி பக்கம் வந்தால், அரசு ஆஸ்பத்திரி சேவைகள் போக, தொண்டு நிறுவனங்கள் வலு. சத்யா சிறப்புப் பள்ளி 2003-லிருந்து நடக்கிறது. பள்ளி என்று பெயரே தவிர, சின்னக் குழந்தைகளுக்கான ஆரம்ப நிலைப் பயிற்சி, தெரபி, அம்மாக்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று வேலை விரிந்தது. இப்படி ஒரு இடத்தில் நான் பார்த்த பெரிய வித்தியாசம், அம்மாவை வெளியே பெஞ்சில் உட்கார வைப்பதில்லை. உள்ளே கூப்பிட்டுக் கையைப் பிடித்துக் காட்டுகிறார்கள். தெரபிஸ்ட் அரை மணி நேரம் செய்வதைவிட, அம்மா குளிப்பாட்டும்போதும் உடுத்தும்போதும் ஊட்டும்போதும் சரியாகப் பிடிப்பது பெரிது என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

தனியார் தெரபி என்றால் வசதி புதுச்சேரி நகரத்துக்குள் அதிகம். அங்கே ஒரு மையத்துக்கு எட்டு மாதம் போனேன். பேர் வேண்டாம். மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டினால் சலுகை என்றார்கள். வளையலை வைத்துக் கட்டினேன். எட்டு மாதத்தில் நான்கு தெரபிஸ்ட் மாறினார்கள். ஒவ்வொருவரும் வந்து "பிள்ளைக்கு என்ன பிரச்சினை?" என்று முதலிலிருந்து கேட்டார்கள். நாலாவது பெண்ணிடம், "உங்க நோட்டுல இருக்கும்மா, பாருங்க" என்றேன். நோட்டைத் திறந்தால் தேதியும் கையெழுத்தும் மட்டும் இருந்தது. நல்ல தனியார் மையங்கள் இல்லை என்று சொல்லவில்லை. மாதாமாதம் கட்டுங்கள், மொத்தமாகக் கட்டாதீர்கள். இன்ன மாதத்துக்குள் இன்னது செய்ய வைப்போம் என்று எழுத்தில் கேளுங்கள். "ஆறு மாசத்துல ஓட வெச்சிடறோம்" என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு நீங்கள் ஓடிவிடுங்கள். ஸ்டெம் செல் என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்பவர்களும் உண்டு. மூளை முடக்குவாதத்துக்கோ ஆட்டிசத்துக்கோ அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2017-லேயே வழிகாட்டு நெறிமுறையில் இதைத் தெளிவாக்கிவிட்டது. நிலத்தை விற்றுக் கொடுத்த குடும்பத்தை எனக்குத் தெரியும்.

காகிதம் எங்கே, காசு அங்கே

சரி, உதவித்தொகைக்கு வருவோம். எல்லை மதிலாக நிற்பது இங்கேதான்.

யுடிஐடி என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை மத்திய அரசுடையது, நாடு முழுக்கச் செல்லும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைப் பாதிப்புகள் இருக்கின்றன. 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். வீட்டு முகவரி இருக்கும் மாவட்டத்தில் மட்டுமல்ல, பிள்ளை சிகிச்சை பெறும் மாவட்டத்து ஆஸ்பத்திரியிலும் சான்றுக்கு விண்ணப்பிக்க விதியில் இடம் உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் அலைபவர்கள் நிறைய. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குத் தற்காலிகச் சான்றுதான் வரும். அதில் எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்த்து, காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். தேதி தாண்டினால் சலுகையெல்லாம் தொங்கலில் நிற்கும்.

ஆனால் மாதாமாதம் வரும் பணம் மாநிலத்துடையது. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023-ல் மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு என்றால் 40 சதவீதம், கடுமையான பாதிப்பு என்றால் 75 சதவீதம் இருக்க வேண்டும். இந்த இரண்டு எண்ணையும் மனதில் வையுங்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையைக் கொண்டுபோனால் சில சமயம் கை காலை மட்டும் பார்த்து ஒரு சதவீதம் எழுதிவிடுவார்கள். அது 75-ஐத் தொடாது. பிள்ளைக்கு அறிவுத்திறனிலும் தாமதம் இருந்தால் அதையும் சோதித்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். இல்லாததை எழுதச் சொல்லவில்லை. இருப்பதை விடாதீர்கள் என்கிறேன்.

புதுச்சேரியில் இந்த வேலையைச் சமூக நலத் துறை பார்க்கிறது. தொகை வயதையும் சதவீதத்தையும் பொறுத்து மாறும். அங்கே குடியிருப்பவர் என்பதற்கான ஆதாரம் கேட்பார்கள். அந்தப் பெண் கடலூருக்கு மாறினால் இதை விட்டுவிட்டு, ரேஷன் கார்டை ரத்து செய்து, ஆதாரில் முகவரி மாற்றி, தமிழ்நாட்டில் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். இடையில் சில மாதம் இரண்டு பக்கமும் பணம் வராது. அதற்குக் கையில் இருப்பு வைத்துக்கொண்டுதான் மாற வேண்டும்.

"ரெண்டு பக்கமும் வெச்சுக்கிட்டா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். ஆதார் எண் ஒன்றுதானே, என்றைக்காவது மாட்டும். மாட்டினால் வாங்கியதையெல்லாம் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

இந்த வம்பே இல்லாத ஒன்றும் இருக்கிறது: நிராமயா காப்பீடு. மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு நடத்துவது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் என்பதில்லை, தெரபிச் செலவுக்கும் ஒரு பகுதி உண்டு. எல்லையின் எந்தப் பக்கம் இருந்தாலும் எடுக்கலாம். பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள். நான் ஒரு வருட பில்லைக் கூரை ஒழுகலில் கோட்டை விட்டேன்.

பஸ்ஸையும் மறக்கக் கூடாது. தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்பவருக்கும் டிக்கெட் இல்லை. வாரத்துக்கு மூன்று தடவை தெரபிக்குப் போகிறவளுக்கு மாதக் கடைசியில் இது தெரியும்.

பள்ளிக்கூடம்

இரண்டரை வயதுக்கு இது தூரம்தான், ஆனாலும் வீடு மாற்றும்போது யோசிக்க வேண்டியது. சட்டம் இரண்டு பக்கமும் ஒன்று: 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். சிறப்பாசிரியர்களும் இரண்டு பக்கமும் உண்டு. கடலூர் பக்கம் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் கேட்க வேண்டும். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுப்பதும் அவர்கள் பொறுப்பில்தான் வருகிறது. எங்களுக்கு வந்த சிறப்பாசிரியை என் மகனுக்குப் பென்சில் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஈரத் துணியைப் பிழியச் சொல்லிக்கொடுத்தார். மூன்று மாதம் வீட்டுத் துணியெல்லாம் அவன்தான் பிழிந்தான். அப்புறம் பென்சில் தானாக வந்தது.

பெரிய வித்தியாசம் பாடத்திட்டம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. கடலூரில் மாநிலப் பாடத்திட்டம். இரண்டிலும் எழுத உதவியாளர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு உண்டு. இருந்தாலும் மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்கு மாநிலப் பாடத்திட்டமும் தமிழ் வழியும்தான் சுலபம் என்பது என் அபிப்பிராயம். வீட்டில் பேசும் மொழியிலேயே பள்ளியும் பேசினால் ஒரு சுமை குறைகிறது. இதை எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தெரியும்.

வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள்?

இதுவரை சொன்னதையெல்லாம் தராசுத் தட்டில் வைத்தால், இந்தப் பெண் விஷயத்தில் கடலூர் பக்கம் கொஞ்சம் கனக்கிறது. கணவன் வேலைக்குக் கிட்டம், தெரபிக்குக் கிட்டம், ஜிப்மரும் கைவிட்டுப் போகாது. ஆனால் நான் அவளிடம் முதலில் கேட்டிருக்க வேண்டியது வேறு: பாகூர் வீட்டில் மாமியார் எப்படி?

சும்மா கேட்கவில்லை. என் மகனுக்கு ஒரு வேளைக் கஞ்சி ஊட்ட நாற்பது நிமிடம் ஆகும். மூன்று வேளைக்கு இரண்டு மணி நேரம். அந்த வேளையை எடுத்துக்கொள்ள ஒரு மாமியாரோ நாத்தனாரோ வீட்டில் இருந்தால், மஞ்சக்குப்பத்தில் தனி வீடு எடுப்பது நஷ்டம். "இது யார் செஞ்ச பாவமோ" என்று தினமும் காதில் விழுகிற வீடாக இருந்தால், வாடகை எவ்வளவு ஆனாலும் லாபம். இரண்டையும் பார்த்தவள் நான்.

கூட்டுக் குடும்பம் இல்லாவிட்டால் அதற்கு ஈடு மற்ற அம்மாக்கள்தான். மையத்தில் ஒரே நாளில் வரும் நாலு பேர் சேர்ந்து நாங்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். யாருக்குக் காய்ச்சலோ அவள் பிள்ளையை இன்னொருத்தி பஸ்ஸில் கூட்டிப் போவாள். காலிப்பர் (காலுக்கு மாட்டும் தாங்கு சட்டம்) முகாம் எந்த நாள், எந்த மனுவுக்கு எந்த இணைப்பு, மே மாத வெயிலில் ஸ்பிளிண்ட்டுக்குள் வியர்த்துப் புண்ணாகாமல் இருக்க என்ன செய்வது என்பதெல்லாம் அதில்தான் ஓடுகிறது. கடைசிக் கேள்விக்குப் பதில்: பழைய பனியன் துணியைத் தையல் உள்பக்கம் வராமல் சாக்ஸ் போலப் போட்டு, அதன் மேல் ஸ்பிளிண்ட். டாக்டர் யாரும் சொல்லவில்லை. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வரும் ஒரு அம்மா சொன்னது.

இன்னொன்று, எந்தப் பக்கம் இருந்தாலும் ரோட்டை மட்டும் நம்பக் கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது எங்களுக்கு இரண்டு வாரம் தெரபி கிடையாது. ஏழெட்டு வருடம் முன்பு என்றால் அந்த இரண்டு வாரத்தில் கால் மறுபடி இறுகிப் போயிருக்கும். இந்தத் தடவை வீட்டிலேயே சமாளித்தோம். காரணம் ஒரு மூலை நாற்காலி. இரண்டு பக்கப் பலகை மூலையாகச் சேரும், முன்னால் ஒரு மேசைப் பலகை, நடுவில் தொடை பின்னாமல் இருக்க ஒரு கட்டை. பிள்ளை முதுகு நிமிர்ந்து உட்காரும், கை இரண்டும் முன்னால் வரும். கடையில் வாங்கினால் விலை அதிகம். தெரபிஸ்ட்டிடம் அளவு வாங்கி ஆசாரியிடம் பிளைவுட்டில் செய்தோம்.

நேற்று அந்தப் பெண்ணை மறுபடி அதே ஸ்டாப்பில் பார்த்தேன். மாமியார் கூட வந்திருந்தார். குழந்தை அவர் தோளில். வீடு மாற்றுவதைத் தள்ளிப் போட்டுவிட்டார்களாம், சம்பளம் ஏறட்டும் என்று. நான் எழுதி வைத்ததில் பாதியைச் சொல்லி முடிப்பதற்குள் மாமியார் குறுக்கே வந்தார்.

"அந்த நாற்காலின்னியே, என் பேத்திக்கு அளவு என்னம்மா வேணும்?"

"முதுகுலேர்ந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் ஒண்ணு, முழங்கால்லேர்ந்து குதிகால் வரைக்கும் ஒண்ணு, இடுப்பு அகலம் ஒண்ணு. தெரபிஸ்ட்டையே எடுக்கச் சொல்லுங்கம்மா, நாமளா எடுத்தா தப்பாயிடும்."

அவர் முந்தானையை எடுத்து, குழந்தையின் முழங்காலிலிருந்து குதிகால் வரை வைத்துப் பார்த்து, அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார்.